மேடை ஏறாத குழுவோடு மணிமுத்தாறு வரை

எங்கள் குழுவில் டீ குடிக்க வண்டியை நிறுத்த வேண்டுமென்றால்கூட எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒருவர் தூக்கவில்லை என்றாலும் வண்டி நிற்காது. தூக்காதவர் காரணம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் டீக்கடை பின்னால் போய்விடும். காயல்பட்டினத்திலிருந்து மணிமுத்தாறு வரை நான் குடிக்காமல் விட்ட டீயை எல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்திக்கே ஊற்றலாம்.

குழுவின் பெயர் மறுகால். குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியே பாய்கிற வழிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். சாதியை எதிர்த்தும், கூலிக்காகவும், ஆற்று மணலுக்காகவும் பாடுகிறோம். நான்கு பேர், ஒரு வேன். பாட்டு எழுதி கிடார் வாசிக்கிற சங்கர் திருநெல்வேலி டவுன்காரன். ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலும் வைத்திருந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை. வேனையும் மைக்கையும் பார்த்துக்கொள்கிற பஷீருக்குக் காயல்பட்டினம். பறை அடிக்கிற இசக்கியம்மாளுக்கு மணிமுத்தாறுப் பக்கம். நான் ரோஸ்லின். கடற்கரைக்காரி. எங்கள் ஊர் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள், இப்போது கெட்டுப்போய்விட்டேன் என்று பங்குச் சாமியாருக்கு மனவருத்தம். குழுவில் வயதிலும் நான்தான் மூத்தவள், வாயிலும் நான்தான்.

கை தூக்குவதை விடப் பெரிய சட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. மேடை கிடையாது. தரையில் நின்றுதான் வாசிப்போம். கேட்பவர்களும் தரையில்தான் உட்கார வேண்டும். யாருக்கும் நாற்காலி இல்லை. மேடை என்பதே ஒருவரை இன்னொருவர் தலைக்கு மேல் நிறுத்துகிற ஏற்பாடு என்பது சங்கரின் கட்சி. ஒரு கல்லூரியில் பூவும் பலூனும் கட்டி வைத்திருந்த மேடையை விட்டு இறங்கி, மைதானத்தில் நின்று வாசித்தோம். எங்கே உட்காருவதென்று தெரியாமல் முதல்வர் நின்றபடியே கேட்டார். மேடை வேண்டாம் என்று சொல்லியே பல பெரிய நிகழ்ச்சிகளை இழந்திருக்கிறோம். இழந்ததைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு அங்குலம் உயரம் கூடும்.

இந்தப் பயணம் இசக்கி கேட்டது. கடற்கரையில் தொடங்கி, தாமிரபரணியை எதிர்த்து மேலே போய், கடைசி நிகழ்ச்சியைத் தன் தெருவில் நடத்த வேண்டும் என்றாள். அவள் அப்பா சுடலைமுத்து, அவள் பறையைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை. அவருடைய வாலிப காலத்தில் ஊரில் சாவு விழுந்தால் ஆள் வந்து கூப்பிடுவார்களாம். போய் அடித்தே ஆக வேண்டும். ஒருநாள் அவரும் அவருடைய கூட்டாளிகளும் பறைகளை வாய்க்காலில் வீசிவிட்டு, இனி யார் செத்தாலும் அடிக்க மாட்டோம் என்று வீடு திரும்பினார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். வயல் வேலை போயிற்று. தெருவே பட்டினி கிடந்து ஜெயித்த காரியம் அது. அப்பேர்ப்பட்ட மனிதரின் மகள், படிக்கப் போன இடத்தில் அதே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒரே ஒரு தடவ அவரு வந்து கேக்கணும், யக்கா. பெறவு என்னத்த வேணும்னாலும் ஏசட்டும்” என்றாள் என்னிடம்.

அதற்கு மட்டும் விவாதமே இல்லாமல் எல்லாக் கையும் உயர்ந்தது.

முதல் நாள் காயல்பட்டினம். பஷீரின் அக்கா வீட்டு முற்றத்தில் பெண்களுக்கான நிகழ்ச்சி. அக்காவை அவன் லாத்தா என்பான், நாங்களும் லாத்தா என்றே கூப்பிட்டோம். தெருவில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம், யாருக்காக வாசிக்கப் போகிறோம் என்று எனக்குக் கவலை. அங்கே வீடுகளின் பின்னால் முடுக்கு என்று ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் சந்து ஓடுகிறது, பெண்கள் தெருப்பக்கமே வராமல் வீட்டுக்கு வீடு போய்விடலாம் என்பது எனக்குத் தெரியாது. பின்வாசல் கதவு திறந்தது. கிழவிகளும் குமரிகளும் கைக்குழந்தைகளுமாக வந்து பாயில் உட்கார உட்கார, முற்றத்தில் என் கீபோர்டுக்கே இடம் சுருங்கிவிட்டது.

பெண்கள் கூட்டம் என்பதால் சங்கரும் பஷீரும் வெளியறையில். நடுவில் ஒரு திரைச்சீலை. இது நம் கொள்கைக்குச் சரியா என்று வேனில் வெகுநேரம் வாதாடித்தான் ஒப்புக்கொண்டிருந்தோம். எல்லோரும் சமம் என்று ஊர் ஊராகப் பாடுகிற சங்கர், திரைக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாமல் கிடார் வாசித்ததை நினைத்து நானும் இசக்கியும் பாட்டின் நடுவிலேயே சிரித்துவிட்டோம்.

வளைகுடாவில் இருக்கிற கணவன்மாரும் கேட்டார்கள். கூட்டம் தெரியாமல் எங்கள் இருவரை மட்டும் பார்க்கிற மாதிரி தலையணைகளில் சாய்த்து வைத்த கைபேசிகளில் வரிசையாக முகங்கள். யாரோ ஒருவர் அங்கே சாப்பாட்டு இடைவேளையில் வாயில் சோற்றோடு கேட்டார். அயல்நாட்டுக் கூலிகளைப் பற்றி எங்களிடம் ஒரு சோகப் பாட்டு உண்டு. பாடி முடித்ததும் எல்லோரும் கண்ணைத் துடைப்பார்கள் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தேன். முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண், “எங்க வீட்டுல அவுஹ அழுவுறதில்லயே. நல்லா சமைக்கக் கத்துக்கிட்டாஹ” என்றாள். முற்றமே சிரித்தது. கைபேசியில் அந்தக் கணவரும் சிரித்தார்.

சாப்பாடு சஹனில் வந்தது. பெரிய தாம்பாளம், அதைச் சுற்றி ஆட்கள், ஒரே தட்டில் எல்லோர் கையும். நெய்ச்சோறு, விருந்துக்கென்றே வைக்கிற களறிக் கறி, கத்திரிக்காய் மாங்காய். நான், இசக்கி, லாத்தா, லாத்தாவின் மாமியார். மாமியார் கறித்துண்டுகளை எல்லாம் தேடிப் பிடித்து இசக்கியின் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் கடற்கரையில் விருந்தென்றால் விருந்தாளிக்குப் பீங்கான் தட்டு தனியாக வரும். அதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் தன் சோற்று டப்பாவைத் தள்ளி வைத்தவர்களைப் பற்றி இசக்கி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சமத்துவம் பற்றி எங்களிடம் பாட்டு நிறைய இருக்கிறது. அந்தத் தட்டைப் பற்றி ஒன்றுமில்லை. எழுதச் சொல்லி அன்றைக்கே சங்கரை அரிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் ஆற்றங்கரையோடு மேற்கே போனோம். வாழைத்தோட்டமும் வயலும் மாறி மாறி வந்தன. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி ஒரு படித்துறையில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஊரில் குடத்துத் தண்ணீரே உப்புக் கரிக்கும். இங்கே ஆடு மாடு குளிக்கிற தண்ணீர்கூட இனிக்கிறது. இப்படி ஓர் ஆற்றை வைத்துக்கொண்டு அதில் மணல் அள்ளவும் மனிதனுக்கு மனசு வருகிறதே என்று கோபம் வந்தது. திருநெல்வேலி வந்ததும் அல்வாவைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பேட்டைக்குள் நுழையும்போது வேனின் கிளட்ச் போய்விட்டது. நிகழ்ச்சி தொழிற்பேட்டையில், ஒரு பட்டறை வளாகத்தில். பஷீர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நாங்கள் மூவரும் தள்ளிக்கொண்டு போனோம். வேனின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘எழுந்து வா’ என்று எழுதியிருக்கும். “புரட்சி வருதுலே. ஆனா தள்ளி விடணும் போல” என்று ஒரு லேத்துப் பட்டறை வாசலில் யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. சொன்னவரே வந்து தோள் கொடுத்தார், அவர் பின்னால் இன்னும் சிலர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் கையோடும் தூக்குவாளியோடும் தொழிலாளர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். பட்டறை முதலாளிக்கும் நாற்காலி இல்லை என்று பஷீர் பணிவாகச் சொன்னான். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பேப்பரை விரித்து, வெள்ளை வேட்டியோடு தன் ஆட்கள் நடுவிலேயே உட்கார்ந்தார். கூலிப் பாட்டு வந்தபோது எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. முடிந்ததும் சங்கரைக் கூப்பிட்டு, “பாட்டு நல்லாத்தான் இருக்கு வே. என்னயவே பாத்துப் பாடாதிய” என்றார். கிளட்சையும் அவர் பட்டறையிலேயே சரி செய்து கொடுத்தார்கள். சங்கர் என் காதில், “பாத்தியளா அக்கா, மேடையில நின்னிருந்தா இது நடக்குமா?” என்றான். நடக்காதுதான். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாடு டவுனில் சங்கரின் வீட்டில். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் கறி. கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சாப்பாட்டை எங்களுக்காகச் சும்மா ஒரு நாளில் வைத்திருந்தார் அவன் அம்மா. தேங்காய்ப் பாலை மூன்று தடவை பிழிந்து செய்கிற குழம்பு அது. மீன் இல்லாத குழம்பைக் குழம்பு என்றே ஒத்துக்கொள்ளாத நான் மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன். சங்கரின் அப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் செய்கிற வேலை பிடிக்காது, ஆனால் வாசித்த இடத்தையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்வார். அவர் இசக்கியிடம், உங்க அப்பா நாளைக்கு வருவாரா என்று கேட்டார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே, தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மலை கிட்டே வந்தது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி எல்லாம் வழியில் வந்து போயின. அப்பளம் வாங்க வண்டியை நிறுத்த வேண்டும் என்று நான் கை தூக்கினேன். இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததால் வாக்கெடுப்பே நடக்கவில்லை. வழக்கமாக ஊர் எல்லையிலேயே இறங்கிப் பறையடித்துக்கொண்டு தெருவுக்குள் போவோம். இன்றைக்கு அது வேண்டாம் என்று அவள் சொன்னாள். சத்தமில்லாமல் போய் இறங்கினோம்.

அவள் அம்மா எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். எங்கள் கடலின் வாசனை மலையடிவாரத்தில் வந்து என்னை வரவேற்றது. தெருவை விளக்குமாற்றால் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அப்பா மட்டும் வீட்டில் இல்லை. வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருப்பதாகவும், விடிந்ததிலிருந்து அங்கேதான் இருப்பதாகவும் அம்மா சொன்னார். நானும் சங்கரும் கூப்பிடப் போனோம்.

சுடலைமுத்து ஒல்லியான, நெட்டையான மனிதர். தோளில் வெளுத்த துண்டு. எங்களை உட்காரச் சொன்னார். எங்கே நிகழ்ச்சி, யார் யார் வருவார்கள் என்று கேட்டார். கேட்கிறாரே, வந்துவிடுவார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இசக்கி எங்கே நின்று அடிப்பாள் என்று கேட்டதும், சங்கர் உற்சாகமாகத் தொடங்கினான். எங்களிடம் மேடை கிடையாது ஐயா, யாரும் யாருக்கும் மேலே இல்லை, உங்கள் தெருவிலேயே, தரையில் நின்று, மக்களோடு மக்களாக என்று, கல்லூரிகளில் கைதட்டு வாங்கிய அதே பேச்சு.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு பைய, குரலை உயர்த்தாமல் பேசினார்.

“தரையில நின்னுதான் தம்பி நாங்களும் அடிச்சோம். எங்க அப்பா, அவரு அப்பா, எல்லாரும். தள்ளி நின்னு அடிலேம்பாவ, தள்ளி நிப்போம். அவிய நாற்காலியில இருந்து கேப்பாவ. இப்ப நீங்களும் எம் மகளக் கூட்டியாந்து தரையில நிறுத்துதிய. இதுக்கா அவளப் படிக்க அனுப்புனேன்?”

அவர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“மேடை போடுங்க. இந்தத் தெருவுக்குள்ள வேண்டாம், பஸ் திரும்புத எடத்துல போடுங்க. அடிக்கக் கூப்புட்டுட்டு அங்கனதான் எங்களக் காக்க வச்சாவ. எங்களுக்கு நாற்காலி போடுங்க. அப்பம் வாரேன்.”

வேனுக்குள் வாக்கெடுப்பு. நான் தூக்கினேன், பஷீர் தூக்கினான். சங்கர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூக்கினான். இசக்கி தூக்கவில்லை. எனக்காகச் சட்டத்தை மாற்றினால் அது என்ன சட்டம், நான் தரையிலேயே அடிக்கிறேன், அப்பா வராவிட்டால் போகட்டும் என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது, ஆனாலும் கை மடியிலேயே இருந்தது. எங்கள் குழுவில்தான் இப்படி நடக்கும். அழுதுகொண்டே கொள்கை பேசுகிற பெண் வேறு எங்கே கிடைப்பாள்.

சங்கர்தான் பேசினான். “இந்தச் சட்டத்தப் போட்டது நான், இசக்கி. எங்க வீட்டுல யாரும் எவன் முன்னாலயும் தரையில நின்னதில்ல. அதனால மேடையில இருந்து இறங்குறது எனக்குப் பெரிய காரியமாத் தெரிஞ்சுது. நீ எங்க இருந்து இறங்கணும்?”

தான் எழுதிய சட்டத்தைத் தானே இப்படிப் பிரித்துப் போடுகிறவனோடு ஊர் சுற்றுகிறேன் என்பதில் எனக்கு அன்று வந்த பெருமை, கல்லூரி முதல்வரை நிற்க வைத்தபோதுகூட வரவில்லை. இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

மேடைக்கு இரண்டு டிராக்டர் டிரெய்லர்கள் கிடைத்தன. ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மேலே பலகை பரப்பினோம். நாற்காலி வாடகைக்கு எடுக்க நேரமில்லை. தெருப் பெண்கள் அவரவர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாகப் பஸ் திரும்புகிற இடத்துக்கு நடந்து வந்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, ஒரு கால் ஒடிந்து கயிறு கட்டியது. டீக்கடைப் பக்கம் நின்ற ஒருவர், இதையெல்லாம் உங்கள் தெருவிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று இசக்கியின் அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா தலையிலிருந்த நாற்காலியை இறக்கவில்லை.

“எங்களுக்கும் இங்கனதான் பஸ் நிக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காவல் நிலையத்துக்குப் பஷீர் சொல்லியிருந்தான். ஜீப் வந்தது. இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றது. மற்றத் தெருக்காரர்கள் எதிர்ப்பக்கம் கைகட்டி நின்றார்கள். அவர்களில் இளவட்டங்கள் சிலர் மெல்ல முன்னால் வந்து காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் எழுப்பவில்லை.

இசக்கி வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினாள். தோல் இறுகி, தட்டினால் கணீரென்று கேட்டது. அவள் அதை மாட்டிக்கொண்டு டிரெய்லரில் ஏறும்போதுதான் சுடலைமுத்து வந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை, தோளில் துண்டு. நேராக முன் வரிசைக்கு வந்து, நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் அவரோடு பறையை வாய்க்காலில் வீசிய கூட்டாளிகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு பாட்டுக்கு நாங்களும் சேர்ந்து வாசித்தோம். மூன்றாவது அவள் தனியாக. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பலகை அதிர்ந்து என் உள்ளங்கால் வழியாக ஏறியது. இந்தப் பெண் அடிப்பதை எத்தனையோ ஊரில் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. தலை நிமிர்ந்து, எல்லாத் தெருக்களின் தலைக்கும் மேலே நின்று அடித்தாள். ஒரு வயதான மனிதர் வாய்விட்டு அழுதார். சுடலைமுத்து அசையவில்லை.

அப்போதுதான் அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்து வந்தது. அது திரும்ப வேண்டிய இடம் முழுக்க நாற்காலிகள். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். பின் வரிசைகளில் பலர் பழக்கத்தில் எழுந்து நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் இறங்கி முன்னால் வந்து, வண்டி திரும்பணும், கொஞ்சம் வழி விடுங்க என்றார்.

சுடலைமுத்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, பேருந்துக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“எம் மக அடிக்கா. முடியட்டும்.”

எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.